கதாநாயகிக்காக ஜெபித்த நர்ஸ்

எழுபதுகளில் தாம்பரம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் அந்த நெட்டையான நர்ஸ், பழங்காலத்துக் கிறிஸ்தவக் காதல் நாவல்களாகவே படிப்பார். கதாநாயகிக்குக் கஷ்டம் வந்தால் கண்ணை மூடி அவளுக்காக ஜெபிப்பார்.

ஒருநாள், "சிஸ்டர், கதையில சண்டைக்குப் போனவன் திரும்பி வந்தானா?" என்று கேட்டேன்.

"வரல. பஞ்சத்துலயும் இவ காத்துகினே கீறா. எனக்கு அவ்ளோ பொறுமை இல்லங்க. என்னைக் கட்டிக்க இருந்தவரு, மெஷின்ல மாட்டி அவரு கால் போனதும் என்னை மறந்துடுன்னு லெட்டர் போட்டுட்டாரு. ஜெபம் பண்ணிட்டேன். இப்ப நேரா அவர் வூட்டுக்குப் போறேன்."

மணிமங்கலத்தில் விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

சில மாதங்கள் கழித்து அதே பஸ்ஸில் ஏறினார். கழுத்தில் புதுத் தாலி. பின்னால் ஊன்றுகோலோடு ஒருவர் படியில் தடுமாற, கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

"நீங்க மெதுவா ஏறுங்க, பஸ் நிக்கும்" என்றார் நர்ஸ், கண்டக்டரைப் பார்த்தபடி.

பஸ் நின்றது. அன்று அந்த வீட்டிலும் இந்தக் குரலில்தான் பேசியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.