இடது பக்கத் தையல்

தெருவிலுள்ள பெண்களுக்கெல்லாம் துணி தைப்பவள் தையல்காரி அக்கா. வளரும் பெண்ணோ, பிள்ளைத்தாய்ச்சியோ, தொப்பை போட்ட மாமியாரோ, சட்டை இறுக்கிப் பிடிக்கிறதென்று யார் வந்தாலும் அவளிடம் ஒரே மருந்துதான். "உடம்பு அது பாட்டுக்கு மாறும்டி, துணிதான் விட்டுக்கொடுக்கணும்" என்று உள்மடிப்பைப் பிரித்துத் தளர்த்திக் கொடுப்பாள்.

பாவி, அதே மருந்தைத் தனக்கும் போட்டுக்கொண்டாள். இடது மார்பில் சட்டை பிடித்தது, பிரித்தாள். மறுபடி பிடித்தது, மறுபடி பிரித்தாள். குளிக்கும்போது அங்கிருக்கும் கட்டியில் கை பட்டால், சுட்டது போல் கையை இழுத்துக்கொள்வாள். வெளியே மட்டும் வாய்க்குக் குறைச்சலில்லை.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை அவள் சட்டையை விரித்துப் பார்த்தாள்.

"என்னக்கா, ஒரு பக்கம் மட்டும் இவ்ளோ பிரிச்சிருக்க?"

"அளவு தப்பிடுச்சு."

"உனக்கா தப்பும்?"

தையல்காரி ஊரையே அளந்த கையால் மார்பைப் பொத்திக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி தங்கையைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போடி. இனிமே பிரிக்கத் துணி இல்ல."