நான் குளிராக இருக்கிறேன்

அட்டவணை போடாமல் எனக்கு எதுவும் புரியாது. ஊறுகாய் பாட்டில்களைக்கூட அகர வரிசையில் அடுக்குகிறவள் நான். அதனால் ஜெர்மன் இலக்கணம் எனக்கென்றே செய்யப்பட்டது என்று நம்பினேன். நான்கு வேற்றுமைகள், மூன்று பால்கள், குறுக்கே கோடுகள். வண்ணம் தீட்டி அலமாரிக் கதவில் ஒட்டினேன்.

திண்டிவனத்துக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு என் வேலை. ஜெர்மனியில் ஆறு மாதப் பயிற்சிக்கு என் பெயர் போயிருந்தது. வீடியோவில் நடக்கும் பேச்சுத் தேர்வில் தேறினால் நான் போவேன். இல்லாவிட்டால் வேறொருவர் போவார்.

தினமும் காலையில் விழுப்புரத்தில் பேருந்து ஏறியதிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்காட்டு வாக்கியமாக்குவேன். ‘நடத்துநர் எனக்குச் சீட்டு தருகிறார்.’ ‘கரும்பு லாரி எங்களை முந்துகிறது.’ ‘அந்த அம்மாவின் கூடை என் கால்மேல் இருக்கிறது.’ எது எந்த வேற்றுமை என்று முணுமுணுத்துக்கொண்டே போவேன். பக்கத்தில் உட்கார்ந்து வரும் தோழி அதே தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருக்கிறாள். “கால நவுத்துடி மொதல்ல. அப்புறம் வேற்றுமை பாக்கலாம்” என்பாள்.

கோடையில் ஒரு நாள் இணைய வகுப்பில், ஜெர்மன்காரரான ஆசிரியை எல்லோரையும் நலம் விசாரித்தார். எனக்கு வியர்த்து ஊற்றியது. மனதுக்குள் ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் ஹாட்’ என்று அமைத்து, அட்டவணையைப் பார்த்து, “இஷ் பின் ஹைஸ்” என்றேன். ஆசிரியை தண்ணீர் குடித்தார். அந்த வாக்கியத்துக்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லையாம். எதோடு சம்பந்தம் என்று இங்கே எழுத மாட்டேன்; அம்மா படிப்பார். சமாளிப்பதற்காக எதிர்ச்சொல்லைப் போட்டு, “இஷ் பின் கல்ட்” என்றேன். அதற்கு ‘நான் ஈவிரக்கமில்லாதவள்’ என்று பொருள் வருமாம்.

மறுநாள் பேருந்தில் இதைச் சொன்னதும் தோழிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

“சரி, கரெக்டா இன்னா சொல்லணுமாம்?”

“மியர் இஸ்ட் கல்ட். மியர்னா எனக்கு. அந்த எடத்துல ‘எனக்கு’ எதுக்கு வருதுன்னுதான் புரியல.”

“ஏய், ஊட்ல நீ எப்டி சொல்லுவ? ‘எம்மா, நான் குளிரா இருக்கிறேன்’னா? ‘எனக்குக் குளிருது’ன்னுதானடி?”

நான் பையிலிருந்து கலர் பென்சிலை எடுத்தேன்.

“இங்கிலீஷ் வழியா எதுக்குடி போற? விழுப்புரத்துல ஏறி, சென்னைக்குப் போய், அங்கேர்ந்து சுத்திக்கினு திண்டிவனம் வர்ற ஒரே ஆளு நீதான். அதுக்குக் கலர் பென்சில் வேற!”

அட்டவணையை நான் கிழிக்கவில்லை. அந்தளவுக்குத் திருந்தவில்லை. ஊதா நிறத்தில் ‘எனக்கு’ என்று இன்னொரு பத்தி சேர்த்தேன். குளிர்ந்தால் மியர், போரடித்தால் மியர், தலை சுற்றினால் மியர்.

தேர்வின் நடுவில் வீட்டில் கரண்ட் போனது. மடிக்கணினியும் கைபேசி இணையமும் தாக்குப்பிடித்தன, மின்விசிறி நின்றது. என் முகத்தில் வியர்வை வழிவதைப் பார்த்த தேர்வாளர், உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். அட்டவணை எனக்குப் பின்னால் இருந்தது, திரும்ப முடியாது. “மியர் இஸ்ட் ஹைஸ்” என்று தானாக வந்தது. அவர் தலையாட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். தமிழ் கைகொடுத்த தெம்பில், ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதையும் அப்படியே “மியர் இஸ்ட் ஹுங்கர்” என்று சேர்த்தேன். ஜெர்மன்காரர்களுக்குப் பசிப்பதில்லை, அவர்கள் பசியை ‘வைத்திருக்கிறார்கள்’. தேர்வாளர் சிரித்து, முடிந்ததும் சாப்பிடச் சொன்னார்.

தேறிவிட்டேன். செய்தியைப் பேருந்தில்தான் சொன்னேன்.

“அங்க பனியில நின்னுக்கினு இன்னா சொல்லுவ?” என்றாள் தோழி.

“மியர் இஸ்ட் கல்ட்.”

“நான் பக்கத்துல இல்லாம பேஜாரா இருந்தா?”

அதற்கும் ஜெர்மனில் ஒரு வாக்கியம் உண்டு. ‘நீ எனக்குக் குறைகிறாய்’ என்பதுபோல வரும், அதிலும் மியர்தான். சொன்னால் இவளுக்கு மறுபடி விக்கல் வந்துவிடும்.

“நடத்துநர் எனக்குச் சீட்டு தருகிறார்” என்றேன், ஜெர்மனில்.