கண்மாய்க்குள் ஃப்ளாஷும் ஒரு கத்தரிப்பூச் சேலையும்

காலை 5.20. கோயம்புத்தூரிலிருந்து வந்த பேருந்து ஆரப்பாளையம் நிலையத்துக்குள் திரும்பியபோது, காலடியில் இருந்த கறுப்புப் பெட்டியை மறுபடியும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். தாராபுரத்தில் ஒரு முறை, ஒட்டன்சத்திரத்தில் ஒரு முறை, திண்டுக்கல்லில் இரண்டு முறை. இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், இருநூற்று இருபது ரூபாய் டிக்கெட், பொட்டுத் தூக்கமில்லை. என் சுபாவம் அப்படி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் நான்.

பெட்டியில் இருந்தது என் பிழைப்பு. கேமரா, இரண்டு ஃப்ளாஷ், அவற்றைக் கம்பியில்லாமல் இயக்கும் ட்ரிக்கர், ஃப்ளாஷுக்கு முன்னால் மாட்டும் வெள்ளைத் துணிக்கூடு. முந்தின நாள் இரவு வரை ஒரு கல்யாண வரவேற்பில் வேலை. முடிந்ததும் எல்லாவற்றையும் அப்படியே உள்ளே போட்டு மூடி, பஸ் ஏறிவிட்டேன்.

இறங்குமுன்னே ஒருவர் வந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தார். நான் விடவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம்.

“சாந்தாராம் சார் அனுப்பிச்சாருக்கா. எம்பேரு பால்பாண்டி. கார் வெளிய நிக்கிது. குடுங்க, எம்புட்டு கனமா இருக்கும்!”

என்னை வரச்சொன்ன கடைக்காரரின் பேரைச் சரியாகச் சொன்னதால் விட்டேன். ஆனால் கார் டிக்கியில் அவர் பெட்டியை வைக்கும்போது கிளிக்கென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் மூடி திறந்திருக்கிறது, இவர் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“பெட்டியத் தொடாதீங்ணா.”

“இல்லக்கா, கொக்கி தன்னால வுட்டுக்கிருச்சு. அந்த ஃப்ளாஷு மூஞ்சில…”

“தொடாதீங்கன்னு சொன்னனுங்ளே!”

நான் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பின் இருக்கையில் உட்கார்ந்தேன்.

காலை 6.00. காமராசர் சாலைக்குப் பக்கத்தில் ஒரு சந்து. சாந்தாராம் சௌராஷ்டிரக் குடும்பத்துக்காரர், சுங்குடிச் சேலை தயாரித்து விற்பவர். கீழே கடை, மேலே வீடு. போன வருடம் வேறொரு புகைப்படக்காரரை வைத்து எடுத்த படங்களைப் பார்த்து வெளியூரிலிருந்து நிறைய ஆர்டர் வந்ததாம். வந்த வேகத்தில் சேலைகளும் திரும்பி வந்திருக்கின்றன. படத்தில் ஒரு நிறம், கையில் ஒரு நிறம். திரும்பிய பொட்டலங்கள் அலமாரியில் இன்னும் பிரிக்காமல் கிடந்தன.

“வெளிச்சம் போட்டு எடுக்குறவுக மேலயே எனக்கு நம்பிக்கை இல்லம்மா” என்றார், காபி டம்ளரை என் கையில் கொடுத்துக்கொண்டே. “இருந்தாலும் இன்னைக்கு ஒரு சேலை எடுத்துட்டு வாங்க. சாயங்காலம் படத்தையும் சேலையையும் தெருவுல வச்சுப் பாப்பேன். ஒத்து வந்துச்சுன்னா இந்த வருசம் மொத்தப் படமும் நீங்கதேன். வரலேன்னா அடுத்த பஸ்ஸு இருக்கு.”

மதுரையில் சேலை வாங்குகிறவர்கள் கடைக்குள் எரியும் விளக்கை நம்புவதில்லை. எடுத்த சேலையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். கடைக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்தப் பரீட்சையைத்தான் இவர் எனக்கு வைத்தார். கோயம்புத்தூரில் ஆறு மாதமாகக் கல்யாணங்களைத் தவிர வேறு வேலை வரவில்லை. துணி, அலங்காரம், உருவப்படம் என்று நான் கற்றதெல்லாம் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. இந்த ஒரு வருட வேலை எனக்கு வேண்டும். மிகவும் வேண்டும்.

அவர் உள்ளே போய்ச் சேலையை எடுத்து வந்தார். கத்தரிப்பூ நிறம், உடம்பெல்லாம் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி. அவரும் மனைவியும் தங்கள் பாஷையில் நாலு வார்த்தை பேசிவிட்டு என்னைப் பார்த்தார்கள். அப்போதே எனக்கு உறுத்தியது. சில சாயங்கள் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் வேறு நிறம் காட்டும். அப்படிப்பட்டதாகப் பார்த்துத்தான் பொறுக்கிக் கொடுக்கிறாரோ?

காலை 7.10. ஒத்தக்கடை வழியாகத் திருவாதவூர் வந்து சேர்ந்தோம். இருபத்தைந்து கிலோமீட்டர் போல வரும். “பின்னாடி கோபுரம், யானைமலை எதுவும் வேணாம், சேலைதேன் தெரியணும்” என்று சாந்தாராம் சொல்லியிருந்ததால், தண்ணீர் வற்றிய ஒரு கண்மாயைத் தேர்ந்தெடுத்திருந்தேன். சேலை கட்டி நிற்க வந்தவள் ஸ்டெல்லா. மதுரையில் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் கிளார்க். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். இரண்டு மணிக்குள் திரும்பியாக வேண்டும்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கேமராவின் தலையில் உட்கார்ந்திருக்கும் ஃப்ளாஷ் முகத்தைத் தட்டையாக்கிவிடும். அதையே கழற்றி, மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்தி, பக்கவாட்டில் முகத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்து, வெள்ளைத் துணி வழியாக அடித்தால், மூக்குக்கும் கன்னத்துக்கும் மேடு பள்ளம் கிடைக்கும், துணியின் மடிப்பு எழுந்து நிற்கும். ஜன்னலோரம் நிற்கிற ஆளைப் போல இருக்கும். வெட்டவெளியில் ஜன்னலைக் கையோடு கொண்டுபோகிற வித்தை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளாஷைத் துணிக்கூட்டுக்குள் மாட்டினேன். மாட்டியது கை, கண் பால்பாண்டியின் மேல் இருந்தது. அவர் கார் ஓரமாக நின்று கைபேசியில் எங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்ததும் யாருக்கோ அனுப்பினார். நான் பார்ப்பது தெரிந்ததும் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

சரி, வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று முடிவு செய்தேன்.

காலை 7.40. பத்துப் படம்கூட ஆகவில்லை, கரையில் டி.வி.எஸ். வண்டி ஒன்று வந்து நின்றது. புல்லுக்கட்டோடு வந்தவர் இறங்கி, என் ஸ்டாண்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“எந்த ஆபீசு?”

“ஆபீஸ் எதுவும் இல்லீங்க. சேலை படம் எடுக்கறோம்.”

“சேலை படத்துக்கு மூணு காலு எதுக்கு? ரோட்டுக்கு அளக்க வந்தவுகளும் இப்பிடித்தேன் மூணு காலக் கொண்டாந்தாக. மொதல்ல ஒண்ணுமில்லேன்னாக. அடுத்த மாசம் கல்லு ஊண்டிட்டாக.”

பால்பாண்டி ஓடி வந்தார். “அண்ணே, சத்தியமா சேலைதேண்ணே. அந்தா கட்டியிருக்குல்ல புள்ள.”

அவர் ஸ்டெல்லாவைப் பார்த்தார், ஃப்ளாஷைப் பார்த்தார். நம்பவில்லை. கரையில் ஒரு கருவேல மர நிழலில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் கிளம்பும் வரை அங்கேயேதான் இருந்தார். மறைப்பானேன், அவரைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு மனுஷன் இப்படியா சந்தேகப்படுவார்!

வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். நிறம் சரிபார்க்க ஒரு சாம்பல் அட்டை வைத்திருக்கிறேன். அதை ஆளின் கையில் கொடுத்து முதலில் ஒரு படம் எடுத்துவிட்டால், வெளிச்சம் எங்கே ஏமாற்றுகிறது என்று தெரிந்துவிடும். அன்று அதை எடுக்கவில்லை. கேமராத் திரையில் ஸ்டெல்லாவின் முகம் இளவெயில் பட்டது போலத் தகதகத்தது. அந்த அழகில் சொக்கிப்போய், மூன்று மணி நேரத்தில் நூற்று நாற்பது படம் எடுத்தேன்.

காலை 10.45. ஊருக்குள் டீக்கடை, டீ பன்னிரண்டு ரூபாய். கடை நிழலில் வைத்துத் திரையைப் பெரிதாக்கினேன். அடுத்த நொடி எதிரில் நின்ற ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் மேல் இருந்தது கத்தரிப்பூ. திரையில் இருந்தது அரக்கு.

நூற்று நாற்பதும் அரக்கு. நினைத்தது சரிதான், சாயத்தில் சூது, வேண்டுமென்றே கொடுத்திருக்கிறார் மனுஷன்! அதை வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

“உங்க முதலாளி எனக்குக் குழி தோண்டித்தான் இந்தச் சேலையைக் குடுத்திருக்காருங்ணா. இந்தச் சாயம் ஃப்ளாஷுக்கு நிறம் மாறுது. நீங்களும் காலையில இருந்து படம் எடுத்து அவருக்கு அனுப்பிட்டுத்தானே இருக்கீங்க?”

பால்பாண்டி டீ கிளாஸைக் கீழே வைத்தார். “ஆமாக்கா, அனுப்புறேன். மணிக்கு ஒரு படம், ஃப்ளாஷு அடிக்காத நேரமாப் பாத்து, வெறும் வெயில்ல சேலையப் புடிச்சு அனுப்பச் சொன்னாரு. அதுக்குத்தேன் அனுப்புனாரு என்னைய. இல்லேங்கல.” பிறகு கேமராவைப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தார். “ஆனா சாயம் மாறுதுன்னா புள்ளி ஏங்க்கா சந்தன கலர்ல இருக்கு?”

“என்ன?”

“சுங்குடிப் புள்ளியில சாயமே ஏறாதுல்ல. நூலப் போட்டு முடிஞ்ச எடம் அது. வெறும் வெள்ளத் துணி.”

ஸ்டெல்லா முந்தானையைத் தூக்கிக் காட்டினாள். “புள்ளி வெள்ளையாத்தானக்கா இருக்கு.”

திரையில் ஒவ்வொரு புள்ளியும் சந்தன நிறம். சாயம் தொடாத வெள்ளைக்கே நிறம் மாறியிருந்தால், குற்றம் சாயத்தில் இல்லை. வெளிச்சத்தில்.

பால்பாண்டி மெல்லக் கேட்டார். “அந்த ஃப்ளாஷு மூஞ்சில ஆரஞ்சுத் தாளு ஒண்ணு ஒட்டியிருக்கே, அது எதுக்குக்கா? அதத்தேன் காலையில கேக்க வந்தேன். தொடாதீங்கன்னீக.”

துணிக்கூட்டின் முன்பக்கத்தைக் கழற்றினேன். கல்யாண மண்டபத்து மஞ்சள் விளக்குகளோடு ஒத்துப்போவதற்காக முந்தின மாலை நானே ஒட்டிய மெல்லிய ஆரஞ்சுத் தாள், ஃப்ளாஷின் முகத்தில் அப்படியே இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று ஊரிலே உள்ள எல்லோரையும் சந்தேகித்திருந்தேன், என் ஃப்ளாஷைத் தவிர.

காலை 11.30. மறுபடியும் கண்மாய். புல்லுக்கட்டுக்காரர் இன்னும் அங்கேயே. உச்சி வெயில் உருவப்படத்துக்கு எதிரி. கண்ணுக்குக் கீழே கறுப்புக் குழி விழும். சூரியனை ஸ்டெல்லாவின் முதுகுக்குப் பின்னால் போட்டு, ஃப்ளாஷை முழு பலத்தில் வைத்து, முன்னால் விழுந்த நிழலை அதனால் நிரப்ப வேண்டும். தாளை உரித்துப் பைக்குள் வைத்துவிட்டு, முதலில் சாம்பல் அட்டையை அவள் கையில் கொடுத்தேன். ஆனால் காற்று எழும்பிவிட்டது. துணிக்கூடு பாய் போலக் காற்றைப் பிடித்து, ஸ்டாண்டோடு சாய்ந்தது.

பால்பாண்டி விழாமல் பிடித்துவிட்டார். பிடித்தபடியே கேட்டார். “இப்பத் தொடலாமாக்கா?”

“பிடிங்ணா. கொஞ்சம் மேல. முகத்தைப் பாத்துச் சாய்ச்சுப் பிடிங்க.”

முக்கால் மணி நேரம் மனிதர் அசையவில்லை. பத்தே படம். புள்ளி வெள்ளை, சேலை கத்தரிப்பூ. காலையில் கிடைத்த அந்தத் தகதகப்பு மட்டும் முகத்தில் இல்லை. ஸ்டாண்டை மடக்கியதும் புல்லுக்கட்டுக்காரர் எழுந்து வந்து, அது நின்ற இடத்தைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

காரில் கேட்டேன். “நடந்ததைக் கடைக்குச் சொல்லிட்டீங்களா?”

“படந்தேன் அனுப்பச் சொன்னாரு. பேச்சு அனுப்பச் சொல்லல.”

மதியம் 3.00. ஸ்டெல்லாவைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கடைக்கு வந்தோம். சாந்தாராம் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு இறங்கினார். கையில் என் கேமரா. வெயிலில் ஒரு முறை, எதிர்வீட்டு நிழலில் ஒரு முறை பார்த்தார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“ஒத்து வருது” என்றார். “காலையில இருந்து எடுத்தது இந்தப் பத்துதானா?”

சொல்லாமல் விட்டிருக்கலாம். பால்பாண்டி வாசற்படியில் நின்றுகொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்ல மாட்டார் என்று தெரிந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

“இல்லீங்க. இன்னும் நூத்தி நாப்பது இருக்கு. எல்லாம் என் தப்புல நிறம் மாறினது.” ஆரஞ்சுத் தாளை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் மேல் சந்தேகப்பட்டதையும் சேர்த்துச் சொன்னேன். பிறகு படங்களைக் காட்டினேன்.

அவரும் மனைவியும் தங்கள் பாஷையில் ஏதோ பேசிக்கொண்டார்கள். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அவர் தாளைச் சேலை மேல் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இந்த அரக்கும் நல்லாத்தேன் இருக்கு” என்றார் மனைவி, என்னைப் பார்த்துத் தமிழில். “சந்தனப் புள்ளியோட நம்மகிட்ட இல்ல. ஒரு சேலை போட்டுப் பாக்கலாம்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்.”

“படத்துக்குத் தக்கன சேலை போடுறது எங்க வீட்டுல இதுதேன் மொதத் தடவ” என்றார் சாந்தாராம். “தாளு இங்க இருக்கட்டும்மா, சாயத்துக்கு மாதிரி. அடுத்த மாசம் நாப்பது சேலைக்கு நாள் குறிச்சுக்கங்க. வர்றப்ப வெறும் ஃப்ளாஷா கொண்டாங்க.”

மாலை 4.30. ஆரப்பாளையம். பால்பாண்டி பெட்டியைத் தூக்கி வந்து என் காலடியில் வைத்தார்.

“ஒரு தடவ தொறந்து பாத்துக்கங்கக்கா, எல்லாம் இருக்கான்னு.”

“வேண்டாங்ணா. நீங்க வெச்சா சரியாத்தான் இருக்கும்.”

பஸ் கிளம்பியது. வைகைப் பாலத்திலிருந்து பார்த்தால் மணலும் நாணலும்தான், நடுவில் நீளமாக ஒரு வாய்க்கால் தண்ணீர். எங்கள் ஊரில் வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுப் பேசுவோம், மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் ஒருவர் தப்பை இன்னொருவர் முன்னால் சொல்லாமல் நிற்கிற மரியாதையை அன்றுதான் பார்த்தேன். பெட்டியைத் திறப்பதில்லை என்று உறுதியாக இருந்தேன். சமயநல்லூர் தாண்டியது. திறக்கவில்லை. வாடிப்பட்டிக்குள் பஸ் நுழைந்தபோது என்னை அறியாமல் கொக்கி கையில் இருந்தது.

எல்லாம் இருந்தன. ஃப்ளாஷின் முகம் துடைக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, திறந்ததும் முதலில் கண்ணில் படுகிற மாதிரி, சாம்பல் அட்டை.

போன் போட்டேன். “அண்ணா, அட்டையை மேல வெச்சது நீங்களா?”

“தொறந்துட்டீகளாக்கா? எந்த ஊரு இப்ப?”

“வாடிப்பட்டி.”

“பரவாயில்லயே” என்றார் பால்பாண்டி. “நான் சமயநல்லூருன்னுல்ல நெனச்சேன்.”