ஜன்னலில் வைத்த போன்

டயகம தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசையின் கடைசி வீடான என் வீட்டு ஜன்னலில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே போனை வைத்து ஹாட்ஸ்பாட் போடுவேன். பக்கத்து வீட்டுச் செல்வி அதில்தான் அட்டன் ஆஸ்பத்திரியில் கிடந்த தன் அப்பாவை வீடியோவில் பார்ப்பாள்.

ஒருநாள் பைப்படியில் யார் குடம் முதலில் என்று எங்களுக்குள் சண்டை. அன்று மாலை வீம்புக்கு ஹாட்ஸ்பாட்டை அணைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் போனோடு அங்குமிங்கும் நடப்பது கேட்டது. அப்போதும் அதைப் போடவில்லை. மறுநாள் காலையில் அவள் அப்பா இறந்த செய்தி வந்தது.

காரியம் முடிந்ததும் செல்வி கேட்டாள், “அன்னைக்கு ஒங்க போன் பழுதாயிருச்சாக்கா?”

“ஆமா” என்றேன்.

உள்ளே போய் ஒரு போனை எடுத்து வந்தாள். “அப்பாவோடது. சும்மாதான் கெடக்கு, நீங்க வச்சுக்கங்க.”

வேண்டாமென்றால் பொய் வெளிப்பட்டுவிடும் என்று வாங்கிக்கொண்டேன். இப்போது ஜன்னலில் இருப்பது அந்த போன்தான். அதை நான் அணைப்பதே இல்லை.