கும்பத்தடியில் அமெரிக்கா

ஊர் நூலகத்துக்குப் புத்தகம் தெரிவு செய்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: தடித்த புத்தகத்தைக் கண்டால் உடனே மரியாதை வந்துவிடும். உங்களுக்கும் அது இருந்தால் என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடுங்கள். அச்சுவேலியில் எங்கள் சின்ன நூலகத்தில் அமெரிக்க வரலாற்றுக்கென்று அலுமாரியில் ஒரு தட்டுக் கேட்டு வாங்கியது நான்தான். அதை நிரப்பியதும் நான்தான்.

ஐந்து பாகங்கள்

முதலில் வாங்கியது ஐந்து பாகத் தொகுதி. முதுகில் பொன்னெழுத்து, பார்க்கவே கும்பிடத் தோன்றும். முதற் பாகத்தை எடுத்துப் போனவர் தொண்டைமானாற்றுச் சிவராசா அண்ணை. சரக்குக் கப்பலில் பல வருடம் ஓடியவர். அமெரிக்கத் துறைமுகங்கள் அத்துப்படி. துறைமுக வாசலுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. மகள் இப்போது அங்கே இருக்கிறாள். தை மாதம் போவதற்குள் அந்த நாட்டின் கதையை அறிந்துவிட வேண்டும் என்று ஆசை.

ஒரே கிழமையில் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் தொப்பென்று வைத்தார்.

"பிள்ளை, உதிலை கப்பல் கரைக்கு வரவே முந்நூறு பக்கம் போகுது. நான் ஓடின ஒரு கப்பலும் உவ்வளவு மெதுவாப் போகேல்லை."

தலைவரின் கெடு

எங்கள் நூலகக் குழுத் தலைவர் அமெரிக்க மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவர். தட்டில் விரலால் தடவித் தூசியை எனக்குக் காட்டினார். சரஸ்வதி பூசைக்குள் யாரும் எடுக்காவிட்டால் தட்டைப் பரீட்சை வழிகாட்டிகளுக்குக் கொடுத்துவிட வேண்டுமாம். அமெரிக்கர் கட்டிய பள்ளிக்கூடத்தில் படித்த நீங்களா இப்படிச் சொல்வது என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடம் கட்டினவங்கள்தான், பிள்ளை. ஆனால் தங்களைப் பற்றிப் படிக்கச் சொல்லி ஒருத்தரையும் வதைக்கேல்லை."

தேத்தண்ணிச் சோதனை

எனக்கு ரோசம் வந்துவிட்டது. அதன் பின் மெல்லிய புத்தகங்களாகத் தேடினேன். சோதனைக்குக் கிடைத்தவள் என்னோடு வேலை செய்யும் கமலா. வரலாறு என்றாலே கொட்டாவி விடுபவள். பத்துமணித் தேத்தண்ணியோடு ஒரு புத்தகத்தையும் கொடுப்பேன். தேத்தண்ணி முடிந்தால் புத்தகம் தோல்வி, ஆறிப்போனால் தேர்ச்சி. ஆறு புத்தகம் தோற்று, வாங்கிய கடைக்கே திரும்பிப் போனது. ஏழாவது, அடிமையாக இருந்த ஒரு குடும்பத்தின் தலைமுறைகள் வழியாக நாட்டின் கதையைச் சொல்வது. தொடக்கத்திலேயே தாயையும் மகளையும் வேறு வேறு ஊருக்கு விற்றுவிடுகிறார்கள்.

அன்று தேத்தண்ணியில் எறும்பு மிதந்தது. கமலா நிமிரவே இல்லை.

"அக்கா, அந்தத் தாய் கடைசியிலை மகளைக் கண்டிடுவாவோ? சொல்லாதேங்கோ!"

பூசையறையில் பாதி

அதில் நான்கு பிரதி வாங்கினேன். கமலா ஒன்றை வைத்துக்கொண்டாள். அவள் பேச்சைக் கேட்டு அவளுடைய மாமி ஒன்றை எடுத்தார். சிவராசா அண்ணைக்கு ஒன்று. நாலாவதைத் தலைவர், பிழை பிடிக்கத்தான் என்று சொல்லிக்கொண்டு கொண்டுபோனார்.

சரஸ்வதி பூசைக்கு முதல்நாள் காலை சிவராசா அண்ணை மூச்சிரைக்க சைக்கிளில் வந்தார். மனைவி வீட்டிலிருந்த புத்தகங்களையெல்லாம் சரஸ்வதிக்கென்று பூசையறைக் கும்பத்தடியில் வைத்துவிட்டாராம். விசயதசமி வரை தொட விடமாட்டாராம். கமலா வீட்டிலும் அவளுடைய மாமி வீட்டிலும் இதே கதைதான்.

"தாய் மகளைத் தேடி நடந்துகொண்டிருக்கிறா, பிள்ளை. நடுவழியிலை சரஸ்வதி மறிச்சுப் போட்டா!"

காலித் தட்டு

நான் பதில் சொல்லுமுன் தலைவர் உள்ளே வந்தார். கெடு முடியும் நாள். தட்டில் அந்த ஐந்து பாகத்தைத் தவிர ஒன்றுமில்லை. புத்தகங்களை எங்கே ஒளித்தாய் என்று கேட்டார். மூன்று பிரதிகள் மூன்று வீட்டுக் கும்பத்தடியில் இருக்கின்றன என்றேன். தன் பையிலிருந்து நாலாவதை எடுத்தார். அவர் வேதக்காரர், தேவாலயத்துக்குப் போகிறவர்; வீட்டில் கும்பமும் இல்லை, மறிப்பும் இல்லை. முழுக்க வாசித்து முடித்துவிட்டார்.

"சேர், தாய் மகளைக் கண்டவவோ?" என்று சிவராசா அண்ணை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார், பிறகு சிரித்தார். பரீட்சை வழிகாட்டிகளுக்கு வேறு இடம் பார்க்கும்படி என்னிடம் சொன்னார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது.

சிவராசா அண்ணை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கண்டிட்டா! சேர், நீங்கள் சொல்ல வேண்டாம், நான் விசயதசமிக்கு வாசிக்கிறன்."

ஆக, ஒரு நாட்டின் முழு வரலாற்றையும் தெரிவு செய்ய எனக்குத் தேவைப்பட்டது எறும்பு விழுந்த ஒரு கோப்பைத் தேத்தண்ணிதான். பொன்னெழுத்து ஐந்து பாகமும் இப்போது மின்விசிறிக் காற்றில் பதிவேட்டுத் தாள்கள் பறக்காமல் அழுத்திப் பிடித்து நல்ல சேவை செய்கின்றன.