மான்கள் கலையும்வரை

ஆர்டிஸுக்கு இறங்க வேண்டும். இறங்க முடியவில்லை. அவள் உட்கார்ந்திருந்த பரணுக்கு நேர் கீழே ஒரு மந்தை மான்கள் சோளம் தின்றுகொண்டிருந்தன.

டிசம்பர் பிறந்து பனி இறுகிவிட்டால் விஸ்கான்சின் மான்களுக்கு வெட்கமெல்லாம் போய்விடும். நவம்பர் வேட்டைக்காலத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து காட்டுக்குள் பதுங்கிக் கிடந்தவை, பசி வயிற்றைக் கிள்ளும்போது வெளிச்சம் இருக்கும்போதே வயலுக்கு வந்துவிடும். அதற்காகவே அறுக்காமல் விட்ட சில வரிசைச் சோளத்தை ஒட்டி, ஓக் மரத்தில் அவளுடைய வேட்டைப் பரண் இருந்தது. பரண் என்றால் என்னவோ என்று நினைக்க வேண்டாம். ஒரு ஆள் உட்கார இரும்பு இருக்கை, கால் வைக்க ஒரு தட்டு, மரத்தோடு சேர்த்துக் கட்டிய பட்டை. அவ்வளவுதான்.

மான்கள் கீழே நிற்கும்போது வில்லோடு வேட்டைக்கு வந்தவர் இறங்கக்கூடாது. இறங்குகிறவரை ஒரு முறை பார்த்துவிட்டால் போதும், அந்தக் குளிர்காலம் முழுக்க அவை வயலுக்குள் கால் வைக்குமுன் ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்க்கும். ஆனால் டிராக்டருக்கு அவை பயப்படுவதில்லை. தினமும் பார்க்கிற சனியன் வருகிறது என்று சலித்துக்கொண்டு விலகிப் போகும். அதனால் இருட்டியதும் வீட்டிலிருந்து யாராவது டிராக்டரில் வந்து மான்களை ஒதுக்கிவிட்டு ஆளை இறக்கிக் கூட்டிப் போவது வழக்கம். ஆர்டிஸுக்கு அந்த யாராவது எப்போதும் அண்ணன் வெர்லின்தான். மாலை தீவனம் போட்டதும் வருவான். பிறகு இருவரும் சேர்ந்து பால் கறப்பார்கள்.

இன்று அவன் வரவில்லை.

அம்பு விடச் சட்டம் அனுமதித்த நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. அதற்குள்ளேயே ஒரு கொம்பன் மான் வந்ததுதான் கொடுமை. கழுத்து தடித்த கிழட்டுக் கொம்பன், மரத்திலிருந்து கல்லெறி தூரத்தில் பக்கம் காட்டி நின்றது. ஆர்டிஸ் மெதுவாக எழுந்து நாணை இழுத்தாள். பாதிவரை வந்த நாண் அதற்குமேல் வர மறுத்தது. மத்தியானத்திலிருந்து குளிரில் விறைத்த தோள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. மறுபடி இழுத்தாள். இருக்கை கிறீச்சிட்டது. கொம்பன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று முடிவு செய்து மறுபடி சோளத்தில் வாயை வைத்தது. இப்போது அது நேர் கீழே, அவள் பூட்ஸுக்கு அடியில் நின்று கதிரை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. இந்த மரத்திலிருந்து இதுதான் தன் கடைசி மான் என்று நினைத்து வந்தவளுக்கு அழுகை முட்டியது.

கடைசி என்றால் கடைசிதான். மாடுகளுக்குக் குளம்பு சீவ வருகிற ட்வேன் ப்ரூஸ்கி தெற்கே டென்னஸிக்குப் போகிறார், மகள் வீட்டுப் பக்கம். மனைவியை இழந்தவர், பேச்சு குறைவு, எந்த மாடும் அவரிடம் உதைக்காது. "நீயும் வர்றியா ஆர்டிஸ்? அங்க பனியே கெடையாது" என்று போன முறை ஒரு குளம்பைக் கையில் பிடித்தபடியே கேட்டார். ஐம்பத்து நான்கு வயதில் ஒரு பெண்ணை அப்படிக் கேட்டால் அவள் சிரிப்பாள். ஆர்டிஸும் சிரித்தாள். பிறகு மூன்று வாரமாக அவளுக்குத் தூக்கமில்லை.

பள்ளிக்கூடம் முடித்த கோடையில் அப்பாவுக்கு முதுகு போனது. ஒரு வருஷம் மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்று கொட்டிலுக்குள் போனவள்தான். அண்ணனுக்கும் கல்யாணம் ஆகவில்லை. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கறவை. கிறிஸ்துமஸ் அன்றும், அம்மாவை அடக்கம் செய்த அன்றும் கறந்தார்கள். வில் வேட்டைக்காக அண்ணன் விட்டுக்கொடுக்கிற இந்த மாலைகள்தான் அவளுக்கென்று இருந்தவை. அந்த நேரத்தையும் ஒரு மரத்தில் தன்னைக் கட்டிப்போட்டுக் கழிக்கிறாளே என்று ட்வேன் கேலி செய்வார்.

இன்று மத்தியானச் சாப்பாட்டில் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்டதை வெர்லின் தட்டில் போட்டுக்கொண்டிருந்தான்.

"ட்வேன் கூப்பிடுறாரு. போலாம்னு இருக்கேன்."

"குளம்பு சீவுறவனா? அவன் தொப்பியப் பாத்திருக்கியா புள்ள? மாடு மென்னு துப்புன மாதிரி இருக்கும்."

"தொப்பியையா கட்டிக்கப் போறேன்?"

வெர்லின் சிரிக்கவில்லை. முழுதும் தின்று முடித்தான். தட்டைக் கழுவி வைத்தான். கதவருகே பூட்ஸ் மாட்டிக்கொண்டே, "இன்னிக்குப் பரணுக்குப் போறியா? மான் கீழ நின்னா வழக்கம்போல வர்றேன்" என்று மட்டும் சொன்னான். வேலை செய்யும்போது எப்போதும் சீட்டியடிக்கிற மனிதன், முற்றத்தில் சத்தமே இல்லாமல் நடந்து போனான்.

இப்போது அவளுக்குக் கால் விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. கைபேசி குளிரில் செத்துக் கிடந்தது. காற்றில்லாத உறைபனியில் சத்தம் வெகுதூரம் வரும். கொட்டிலிலிருந்து மாடுகள் கத்துவது கேட்டது. ஒன்றல்ல, பல. மடி கனத்தால் அப்படித்தான் கத்தும். கறவை நேரம் தாண்டிவிட்டது.

ஆர்டிஸுக்குப் புரிந்துபோயிற்று. பழிவாங்குகிறான். தங்கை போகிறேன் என்று சொன்னதற்கு அவளை மரத்தில் காயப்போட்டுவிட்டு, மாடுகளையும் கறக்காமல் கத்தவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறான், கிழட்டுக் கோவேறுகழுதை. கோபம் வந்ததும் உடம்பு கொஞ்சம் சூடானது. இருக்கட்டும். இவனுக்காகவா இத்தனை வருஷம் கிடந்தோம்! நாளைக்கே ட்வேனிடம் சரியென்று சொல்லிவிடலாம். மனது அப்படி லேசாகி அவள் பார்த்ததே இல்லை. மானாவது மண்ணாவது என்று இடுப்புப் பட்டையை அவிழ்க்கக் கை வைத்தாள்.

அப்போது டிராக்டர் விளக்கு மேட்டில் தெரிந்தது.

மான்கள் தலை தூக்கின. கொம்பன் அவசரமில்லாமல் முதலில் நடந்தது, மற்றவை பின்னால் போயின. ஆர்டிஸ் ஏணியைக் கட்டிப்பிடித்தபடி இறங்கி, உணர்வில்லாத காலில் தடுமாறி நின்றாள். வில்லை வாங்கிக்கொள்ள வழக்கமாகக் கீழே குதிக்கிற வெர்லின் இருக்கையைவிட்டு அசையவில்லை. அவனுடைய வலது கால் மரக்கட்டைபோல முன்னால் நீட்டியிருந்தது.

"செத்தே போயிருப்பேன்டா. எங்க தொலைஞ்ச?"

"கறந்துட்டு இருந்தேன்."

"தனியாவா?"

"நீ போய்ட்டா தனியாதான? முடியுதான்னு பாக்க வேணாமா?"

மாடுகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தன.

"பாதி முடிச்சேன் புள்ள. நல்லாத்தான் போச்சு. அப்புறம் இந்த முட்டி மடங்கிக்கிச்சு, எந்திரிக்கவே முடியல. மாட்டைப் புடிச்சு நின்னு, அப்படியே தவழ்ந்து தவழ்ந்து வண்டிக்கு வந்தேன். அதான் லேட்டு." மூக்கைக் கையுறையால் துடைத்துக்கொண்டான். "ஒண்ணும் இல்ல. ஆளு வெச்சுக்கறேன். நீ போ. அதச் சொல்லணும்னுதான் இருந்தேன்."

ஆர்டிஸுக்கு அவனை அறையவேண்டும்போல இருந்தது. போகாதே என்று கத்தித் தொலைத்திருக்கக்கூடாதா? பரணில் விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கக்கூடாதா? அப்படிச் செய்திருந்தால் அவள் டென்னஸிக்கே போயிருப்பாள்.

பின்சக்கரத்தின் மட்கார்டு மேல் ஏறி உட்கார்ந்தாள். வண்டி திரும்பியது. வேலிக் கதவை அடையுமுன் திரும்பிப் பார்த்தபோது, மான்கள் மறுபடி சோளத்துக்கு வந்திருந்தன.

மீதி மாடுகளை அவள்தான் கறந்தாள். வெர்லின் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, எந்த மாட்டுக்கு எந்தக் காம்பு வீக்கம் என்று அவளுக்குத் தெரிந்ததையே சொல்லிக்கொண்டிருந்தான். கொட்டிலின் கதகதப்பில் சட்டைப்பையிலிருந்த கைபேசி உயிர் பெற்றது. மணியடித்தது. யாரென்று அவளுக்குத் தெரியும். கை ஈரமாக இருந்தது. அடித்து ஓய்ந்தது.

"எடுக்கலையா?" என்றான் வெர்லின், அவளைப் பார்க்காமல்.

ஆர்டிஸ் அடுத்த மாட்டின் மடியைத் துடைத்தாள். தோள் வலி இப்போதுதான் தெரியத் தொடங்கியிருந்தது.

"நாளைக்கு மொதல்ல வந்து என்னை எறக்கி விடு. அப்புறம் பாத்துக்கலாம் மாட்டை. ரெண்டு பேருமா."

வெர்லின் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் இரண்டு மாடு கறந்து முடிப்பதற்குள், தன்னை அறியாமலே சீட்டியடிக்கத் தொடங்கியிருந்தான்.