பாதி கேட்ட அடுப்பு

அக்கா வீட்டு ஓட்டுக்கு மேலே, ஒரு குழாயின் தலையில் மண்பானை ஒன்று கவிழ்ந்திருக்கிறது. பக்கவாட்டில் நாலைந்து ஓட்டைகள். தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள், கண்ணேறு படாமலிருக்க வைத்தது என்று நினைத்துக்கொள்வார்கள். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை; திருத்திச் சொல்ல வாய் வராது. ஆனால் அதை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் அத்தான் நினைவு வந்துவிடும்.

எழுபதுகளில் தூத்துக்குடியில் அந்த வீட்டில்தான் அவர்களோடு நானும் இருந்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு ஹார்பரில் மூட்டை தூக்கும் வேலையை வாங்கித் தந்தவர் அத்தான். அக்காவுக்கு அப்போது ஓயாத இருமல். உடைமர விறகும் பனைமட்டையும் எரிகிற அடுப்பங்கரையில் புகை வெளியேற வழியே கிடையாது. இனியும் புகையில் நின்றால் நெஞ்சு தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சுவரில் ஒரு வழி வையுங்கள் என்று அக்கா ரொம்ப நாளாகவே கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் "பாப்போம்ளா" என்பதோடு சரி.

ஒரு நாள் காலையில் டீக்கடை ரேடியோவில் புகையில்லா அடுப்பைப் பற்றி ஒருவர் பேசினார். குழாய் வழியாகப் புகை போய்விடும், விறகும் பாதிதான் செலவாகும் என்றார். அத்தான் டீயைக் கையில் பிடித்தபடி குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார். அதற்குள் ஹார்பர் சங்கு ஊதிவிட்டது. சங்குக்குப் போகாவிட்டால் அன்றைய வேலை வேறு ஒருவனுக்கு. எல்லோரும் எழுந்து ஓடினோம். மிச்சப் பேச்சு கடையோடு நின்றுவிட்டது.

அக்கா அத்தனை நாள் கேட்டும் இடியாத சுவர், ரேடியோ சொன்னதும் அந்த ஞாயிற்றுக்கிழமையே இடிந்தது. அத்தானே களிமண் குழைத்து அடுப்புப் போட்டு, கிழக்குச் சுவர் வழியாக மண்குழாயை வெளியே விட்டார். காலையில் புகை ஒழுங்காகப் போயிற்று. மதியம் கடல்காற்று எழுந்ததும் போன புகையெல்லாம் அதே குழாய் வழியாகத் திரும்பி வந்தது. கண்ணீர் வழிய வெளியே வந்த அக்கா, இருமலுக்கு நடுவே சிரித்தாள்.

"ஒங்க ரேடியோக்காரர் ஊர்ல கடலே கெடையாது போல!"

அத்தான் சிரிக்கவில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மிச்சப் பேச்சைக் கேட்டவர் யார் என்று ஒவ்வொருவராக விசாரித்தார். கடைக்கார அண்ணாச்சி மட்டும்தான் ஓடாதவர்.

"கேட்டேன்டே. குழாய்க்கு என்னமோ மூடின்னான். அதுக்குப் பொறவு ஒரு பாட்டு போட்டாம் பாரு, அத வேணா பாடட்டா?" என்றவர், பிறகு இரங்கி, "வார செவ்வாக்கெழம மறுபடியும் போடுதானாம்" என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சங்கு ஊதியது. காய்ச்சலோடுகூட வேலைக்கு வருகிற அத்தான் பெஞ்சை விட்டு எழவில்லை.

"ஏலே, சங்கு ஊதிட்டு. கல்யாண மாப்ள மாதிரி இருக்கியே!" என்று ஒருவர் சத்தம் போட்டார்.

"நீங்க போங்கடே. நான் இன்னைக்கு முழுசாக் கேக்கணும்."

மதியச் சோற்றுக்கு நான் வீட்டுக்கு வந்தபோது அத்தான் கூரை மேல் இருந்தார். குழாய் இப்போது கூரையைத் துளைத்துக்கொண்டு முகட்டைத் தாண்டி நின்றது. அதன் தலையில் ஓட்டை போட்ட பானையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். காற்று பலமாகத்தான் அடித்தது. புகை நாலு பக்கமும் மெலிதாகக் கலைந்து போயிற்று.

"இருமல் வருதா?" என்று மேலிருந்தே கேட்டார்.

"வரல" என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் இறங்கினார்.

இப்போது அக்கா வீட்டில் கேஸ் அடுப்பு. அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். போன மாதம் ஓடு மாற்ற வந்த கொத்தனார், சும்மா நிற்கிற குழாயை எடுத்துவிடலாமே என்றார். அக்கா முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"அத மட்டும் தொடாதப்பா. சங்கு ஊதியும் எந்திரிக்காம உக்காந்து கேட்டு வச்சதுல்லா."

கொத்தனாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. குழாயைச் சுற்றியே ஓடு வேய்ந்துவிட்டுப் போனார்.